இளைப்பாறியோர் செலவு

செலவு என்னுஞ் சொல் இன்று நம் வீடுகளில் அச்சம் விளைக்குஞ் சொல்லாகிவிட்டது. மாத முடிவில் கணக்குக் கொப்பியை விரித்து வைத்திருக்கும் இல்லத்தரசி அதனைக் கேட்டாலே முகஞ் சுளிப்பாள். ஆயினும் பண்டைத் தமிழில் செலவு என்பது செல்லுதல்; அஃதாவது பயணம். தலைவன் பொருள் தேடப் புறப்படுதலைச் செலவு என்றும், தலைவி வருந்துவாளென எண்ணி அவன் அப்புறப்பாட்டைத் தவிர்த்துக்கொள்ளுதலைச் செலவழுங்குதல் என்றும் அகப்பொருள் நூலார் வழங்கினர். கையிலுள்ள காசும் வீட்டைவிட்டுச் செல்வதேயாதலின் அதற்கும் அப்பெயர் வந்தது. நாளடைவில் ஆள் செல்லும் பொருள் மங்கிப்போய்க் காசு செல்லும் பொருளே நிலைத்துவிட்டது. இன்று நாம் எழுதப் புகுவது இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்தும் ஒரு செலவைப் பற்றி. இளைப்பாறிய கணவனும் மனைவியும் வீட்டைப் பூட்டிச் சாவியை அயலாரிடம் கொடுத்துவிட்டு, ஒரு நாளோ மூன்று நாளோ வெளியூர் சென்று, கூடுமாயின் நல்ல கச்சேரியொன்றை நேரே இருந்து கேட்டுத் திரும்பி வருகிறார்களே, அந்தச் செலவைப் பற்றி.

தமிழகத்தார் ஓய்வு பெற்றவர் என்பாரை ஈழத்தில் நாம் இளைப்பாறியவர் என்கிறோம். நம் வழக்கே சிறந்ததென்று துணிந்து சொல்வோம். இளைப்பு என்பது களைப்பு. அது ஆறுதல் இளைப்பாறுதல். ஓய்வு ஒருவர் கொடுக்க மற்றவர் பெறுவது. இளைப்பு ஆறுவதோ தானே நிகழவேண்டுவது. அதற்குக் காலமும் இடமும் துணையும் வேண்டும். கிழவன் கிழத்தி என்னுஞ் சொற்களையும் நினைத்துப் பாருங்கள். கிழமையென்பது உரிமை. உரிமையுடைய தலைவனையும் தலைவியையுமே தொல்காப்பியர் அச்சொற்களாற் குறித்தார். இல்லறத்தின் கடைநாளில் மக்களொடும் சுற்றத்தொடும் இருவரும் கூடி நின்று மேலான நெறியிற் பழகுதலைக் கற்பியலிற் கூறுமிடத்தும் அவர் இருவரையுஞ் சேர்த்தே கூறினார். தலைவன் மட்டும் திண்ணைக்கு வந்துவிடத் தலைவி அடுக்களையில் விடப்பட்டாள் என்று அங்கே இல்லை.

நம் வீடுகளில் நடப்பது வேறு. கணவர் அறுபதில் இளைப்பாறுகிறார். மாலையும் மரியாதையும் பெற்று, வாழ்த்துப் பாவைச் சட்டமிட்டுச் சுவரிலே தொங்கவிடுகிறார். மனைவி மறுநாளும் விடியுமுன் எழுந்து அடுப்பை மூட்டுகிறாள். முன்பு காலையிலும் மாலையிலுமே தேநீர் கேட்டவர், நாள்முழுதும் வீட்டிலிருப்பதனால் இப்போது ஐந்து தடவை கேட்கிறார். அவள் இளைப்பாறும் திகதி எந்தச் சுற்றுநிருபத்தில் வந்திருக்கிறது? அடுக்களையிலிருந்து அவளுக்கு விடுதலை கிடைப்பதற்கு நாமறிந்த ஒரே வழி, அடுக்களை இல்லாத ஓர் இடத்துக்கு இரண்டு நாள் அழைத்துச் செல்வதுதான்.

அழைத்துச் செல்ல முற்பட்டால் வீட்டிலே தடை எழுகின்றது. "வயசான காலத்திலே இதெல்லாம் எதுக்கு?" என்கிறான் மகன். மருமகளுக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாது போகும் கவலை. அயலார் வாயைச் சொல்ல வேண்டியதில்லை. கதிர்காமத்துக்கோ சிவனொளிபாதத்துக்கோ போகிறோமென்றால் ஒருவரும் எதிர்ப்பதில்லை. கச்சேரி கேட்கப் போகிறோமென்றால் எல்லாருக்கும் சிரிப்பு வருகிறது. முதியோர் நேர்த்திக்கடனுக்கும் நோய்க்கும் சாவுக்கும் மட்டுமே வீட்டைவிட்டு வெளிக்கிடலாம் என்பது எழுதாச் சட்டம்.

நாமறிந்த ஓர் இணையர் இருக்கின்றனர். மாவனல்லைக்கு அணித்தாயுள்ள தோட்டமொன்றிலே பள்ளி ஆசிரியராயிருந்து இளைப்பாறியவர் அவர். அவர் மனைவி பால் வெட்டும் குடும்பத்திற் பிறந்தவர். அம்மையார் ஒருநாள் கூறிய சொல் இன்னும் எம் நெஞ்சை விட்டகலவில்லை: "நாப்பது வருசத்திலே இரம்புக்கனையிலே மூணு தரந்தான் கோச்சி ஏறியிருக்கேன். மூணும் எழவு வீட்டுக்கு."

இச்சொல் அவ்வம்மையாருக்கு மட்டும் உரியதன்று. மலைநாட்டுத் தமிழர்க்குப் பயணமென்பது தலைமுறை தலைமுறையாகத் துயரத்தின் மறுபெயராயிருந்தது. கோப்பிக் காலத்தில் தலைமன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்த வழியில் மாண்டவர் பலர். 1964 ஒக்டோபரில் எழுதப்பட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தபோது, மலைநாட்டுப் புகையிரத நிலையங்களில் எழுந்த அழுகுரலைக் கேட்டவர் இன்றும் உளர். 1977 இலும் 1983 இலும் பலர் உடுத்த உடையோடு ஓடினர். அவற்றையும் பயணமென்றே சொல்லவேண்டியிருக்கிறது. 2023 இல், முன்னோர் வந்து இருநூறாண்டு நிறைந்ததை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் திரளாக நடந்தனர். துன்ப நடையை நினைவு நடையாக மாற்றிய அச்செயல் பாராட்டத்தக்கது. இன்ப நடையாகவும் ஒருநாள் அது மாறவேண்டுமல்லவா? வேலை தேடியன்று, அஞ்சி ஓடியன்று, துக்கம் விசாரிக்கவன்று. காண்பதற்காகவும் கேட்பதற்காகவும் ஒரு முதிய தோட்டத் தம்பதியர் புகையிரதத்தில் ஏறி அமர்வதை நாம் சிறு செய்தியாகக் கருதவில்லை.

தொலைவிலே தேடவேண்டியதுமில்லை. மாவனல்லை கொழும்பு கண்டிப் பெருந்தெருவில், மகா ஓயாக் கரையில் அமைந்த ஊர். பழைய செங்கற் பாலத்தின் வளைவுகளை நாள்தோறும் கடப்போர் அவற்றை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை; வெளிநாட்டார் வந்து பார்க்கின்றனர். மேற்றிசையில் ஊத்துவான்கந்தை நிற்கிறது. செல்வரிடம் பறித்து எளியவர்க்குக் கொடுத்தானென்று மக்கள் புகழும் சரதியல் ஒளிந்திருந்த மலை அது. அவனும் அவன் தோழன் மம்மாலி மரைக்காரும் 1864 இல் கண்டியிலே தூக்கிலிடப்பட்டனர். அவர்களைப் பிடிக்கச் சென்ற வேளையில் உயிர் கொடுத்த சபான் என்னும் காவலரையும் நாடு நினைவுகூர்கின்றது. ஒரே மலையடியில் சிங்களவரும் முஸ்லிம்களும் மலாயரும் கதைமாந்தராய் வருகின்றனர். பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல இதனினும் நல்ல கதை எங்கே கிடைக்கும்? மலைமீது ஏற வேண்டா. முழங்கால் வலியுள்ளவர் கீழே நின்று பார்த்தாற் போதும்.

பின்னவலையில் 1975 இல் அமைந்த யானைகள் இல்லத்துக்குப் பஸ்வண்டியிற் சிறிது நேரத்திற் செல்லலாம். ஆற்றிலே யானைக் கூட்டம் நீராடுவதைக் கரையில் அமர்ந்து பார்க்கின்ற கிழவரும் குழந்தையும் ஒரே வயதினராகிவிடுகின்றனர். கடுகண்ணாவைக் கணவாயில், பாறையைக் குடைந்த பழைய வாயிலும், பாதையமைத்த டோசனின் நினைவாக 1832 இல் எழுந்த தூணும் உள்ளன. 2014 இல் அங்கே திறக்கப்பட்ட புகையிரத நூதனசாலையில் பழைய நீராவி இயந்திரங்களைக் காணலாம். பேராதனைப் பூந்தோட்டம் 1821 இல் தொடங்கியது. மகாவலி வளைந்து சூழ 147 ஏக்கரிற் பரந்தது. அங்கே கதிரைகளும் நிழலும் நிரம்ப உண்டு. முதியோர்க்கு வேறென்ன வேண்டும்?

இவற்றுளெல்லாம் நாம் முதலிடம் கொடுப்பது இரம்புக்கனையிலிருந்து கண்டிக்கு ஏறும் புகையிரதப் பயணத்துக்கு. 1867 இற் கண்டியை எட்டிய பாதை அது. வண்டி முனகி முனகி ஏறும்போது ஒரு பக்கம் பாறைச்சுவரும் மறுபக்கம் பள்ளமும், பள்ளத்துக்கு அப்பால் வேதநூல் போன்று தட்டையாய் எழுந்த பத்தலேகல மலையும் தோன்றும். யன்னலோர இருக்கையை மனைவிக்குக் கொடுக்க வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபடுவதுண்டாதலின் நிலையத்தில் விசாரித்துப் புறப்படுக.

காசுக்கு எங்கே போவதென்ற கேள்வி நியாயமானதே. ஓய்வூதியம் பெறும் ஆசிரியர்க்கும் எழுதுவினைஞர்க்கும் மாதந்தோறும் ஏதோ வருகிறது. தோட்டத்தில் உழைத்தவர்க்கு மாதப் பணம் இல்லை. 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதி, பெண்ணுக்கு 50 வயதிலும் ஆணுக்கு 55 வயதிலும் மொத்தமாகக் கைக்கு வரலாம். அது கையில் தங்கும் காலம் மிகக் குறுகியது. மகளின் கலியாணம், மகனின் வெளிநாட்டுப் பயணம், லயத்துக்குப் பின்னால் ஓர் அறை, பழைய கடன் என நான்கு வாய்கள் அதற்காகத் திறந்திருக்கின்றன. முப்பது நாற்பது ஆண்டு மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று சேர்த்த பணத்தில் உழைத்தவர் தமக்கென வாங்கிக்கொண்டது ஒரு சேலையும் ஒரு வேட்டியுமாய் இருக்கும். இதனைத் தியாகமென்று மேடையிற் போற்றுவது எளிது. பிள்ளைகள் போற்றுவதை விடுத்து, அப்பணத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கையேனும் பெற்றோரின் செலவுக்கென ஒதுக்கி வைக்கட்டும் என்கிறோம்.

கேரளத்துக் கொச்சியிலே விஜயன், மோகனா என்றொரு தம்பதியர் சிறு தேநீர்க்கடை நடத்தினர். நாள்தோறும் விற்பனையில் ஒரு சிறு தொகையை எடுத்து வைத்து, போதாததற்குக் கடன் வாங்கி, வெளிநாடு சென்று வந்து, கடனை அடைத்து, மறுபடியும் புறப்படுவது அவர்கள் வழக்கம். இவ்வாறு 26 நாடுகளைக் கண்டனர். 2021 ஒக்டோபரில் உருசியா சென்று திரும்பிய விஜயன் அடுத்த மாதமே காலமானார். வயது எழுபதைக் கடந்திருந்தது. தேநீர் ஆற்றி விற்றவர் உலகைச் சுற்றிவந்தார். அத்தேயிலையைக் கொய்யும் நம்மவருட் பலர் நுவரெலியாவின் குதிரைப் பந்தயத் திடலைக்கூடப் பார்த்ததில்லை. கடன் பட்டுப் பயணம் போகச் சொல்கிறோமென்று எவரும் எண்ண வேண்டா; அது அவர்களுக்குக் கைகூடிய வழி. சிறு உண்டியலொன்றை வைத்துக்கொள்ளச் சொல்கிறோம், அவ்வளவே.

இனி இசைக்கு வருவோம். பயணமும் இசையும் தமிழிலே பிரியாமல் நடந்தவை. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள். அவற்றுள் நான்கு கலைஞர் கூட்டத்தை வள்ளலிடம் வழிப்படுத்துவன. பாணரும் பொருநரும் கூத்தரும் தனியே போகவில்லை. விறலியரும் உடன் நடந்தனர். நடந்து வருந்திய விறலியரின் மெல்லடிகளை இளையவர் மெல்ல வருடிக் கொடுத்ததைச் சிறுபாணாற்றுப்படை காட்டுகின்றது. இக்காலத்து இளையவர் அடி வருட வேண்டா. பஸ்வண்டியில் எழுந்து இடங் கொடுத்தாற் போதும்.

கைத்தொலைபேசியில் எல்லாப் பாட்டும் கிடைக்கும்போது நேரிற் போய்க் கேட்பது ஏன் என்பர். நாகசுரத்தைக் கருவியடங்கிய பெட்டியிற் கேட்பதும், கோயில் வீதியில் நின்று கேட்பதும் ஒன்றல்ல. அது திறந்த வெளிக்கென்றே ஆக்கப்பட்ட கருவி. திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளை கையாண்டு பெருவழக்காக்கிய பாரி நாகசுரம் திமிரியைவிட நீண்டது, சுருதி தாழ்ந்தது; அதன் நாதம் காற்றோடு கலந்து சுவரில் மோதித் திரும்பி வரும்போதுதான் நிறைவடைகின்றது. இராக ஆலாபனை எழுதி வைத்ததன்று. எதிரே இருப்பவரின் தலையசைப்பையும் மௌனத்தையும் கண்டு வித்துவான் அதனை நீட்டுகிறார், சுருக்குகிறார், கேட்பவர் எதிர்பாராத இடத்தில் நிறுத்துகிறார். தவில் தனியாவர்த்தனத்தில், தொடையிலே தாளம் போடும் நூறு கைகள் கோர்வை முடியும் இடத்தில் ஒருங்கே விழும். அந்தக் கணத்தில் அங்கிருந்த கிழவரும் கச்சேரியின் ஒரு பகுதியே. பெட்டிக்கு முன்னே இருப்பவர் எவ்வளவு நன்றாகத் தாளம் போட்டாலும் வித்துவானுக்குத் தெரியப்போவதில்லை.

தஞ்சையிலிருந்து வந்த இசை வேளாளர் இணுவிலிலும் அளவெட்டியிலும் வேரூன்றி வளர்த்த கலை இது. 1975 இல் மறைந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தியைத் தமிழகத்துப் பெரு வித்துவான்களும் தேடி வந்தனர். அவரைப் பற்றி அம்ஷன்குமார் ஆக்கிய ஆவணப்படம் 2015 ஆம் ஆண்டுக்குரிய இந்திய தேசிய விருதைப் பெற்றது. அளவெட்டி பத்மநாதனின் நாகசுரத்தை நல்லூரிற் கேட்டவர் அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். அவரும் 2003 இல் மறைந்தார். கேட்கலாம் கேட்கலாம் என்று நாளைக் கடத்தினால் வித்துவானும் இரார், கேட்கும் செவியும் இராது. நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கின்றது. மாவனல்லையார் இரம்புக்கனையில் ஏறிப் பொல்காவலைச் சந்தியில் இறங்கி வடக்கு வண்டியைப் பிடிக்கலாம். 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990 இல் யாழ்ப்பாணத்துக்கு வருதல் நின்று, 2014 ஒக்டோபரில் மீண்டும் அந்நகரை அடைந்தது. இந்த இருபத்துநான்கு ஆண்டு இடைவெளியில் இளைப்பாறியவர்களுட் பலர் நல்லூரைக் காணாமலே கண்ணை மூடினர்.

யாழ்ப்பாணம் தொலைவென்போர்க்கு மாத்தளை இருக்கிறது. மாசிமகத்தன்று முத்துமாரியம்மன் ஐந்து தேர்களோடு வீதிவலம் வரும்போது மலைநாடு முழுதும் அங்கே திரண்டு நிற்கும். மேளம் மட்டுமன்று, தப்பும் உறுமியும் தோட்டங்களில் ஒலிக்கும் காலம் அது. காமன் கூத்து நடைபெறுவதும் மாசியிலேதான். கருநாடக இசை கேட்பதே இசை கேட்டல், தப்பு கேட்பது இரைச்சல் என்று எண்ணும் பண்டிதர் கூட்டத்தோடு எமக்கு உடன்பாடில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வித்தியானந்தன் கர்ணன் போரையும் இராவணேசனையும் 1960களில் மேடையேற்றிக் கூத்தைக் கற்றோர் கண்முன் நிறுத்தினார். 1956 இல் மனமே நாடகத்தை ஆக்கிய சரச்சந்திரரின் பெயரால் அங்கே திறந்தவெளி அரங்கொன்றுமுண்டு. சிங்களப் பாட்டுநாடகம் நடக்கும் நாளில் நம்மவரும் போய் அமரலாம். கண்டிப் பெரஹராவில் கெட்டபெர முழக்கத்தைக் கேட்டுத் தவிலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் இன்பம் செவியுள்ள எவர்க்கும் பொது.

பொருள் வசதியுள்ளோர் சென்னைக்கும் செல்லட்டும். 1928 இல் தொடங்கிய சங்கீத வித்துவ சபையும் 1943 இல் எழுந்த தமிழிசைச் சங்கமும் மார்கழியை அண்டி நடத்தும் விழாக்களில், காலை முதல் இரவுவரை நகரெங்கும் பாட்டுத்தான். இளங் கலைஞர் பாடும் பிற்பகற் கச்சேரிகள் பலவற்றுக்குக் கட்டணமே இல்லை. எம் கருத்தில் அவையே கேட்கத்தக்கவை. தையை ஒட்டித் திருவையாற்றில் தியாகராசர் ஆராதனை. தம் பொருளைக் கொண்டு அங்கே சமாதிக் கோயில் எடுத்தவரும், பெண்கள் அங்கே பாடவேண்டுமென நின்றவரும் பெங்களூர் நாகரத்தினம்மாள். 1952 இல் மறைந்தார். காவிரிக்கரையிற் செல்வரும் எளியவரும் ஒரே தரையில் அமர்ந்து கேட்பர். 2023 ஒக்டோபர் 14 இல் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்குமிடையே தொடங்கிய கப்பற் சேவை தஞ்சை நாட்டை நமக்கு அருகாக்கியது. ஆயின் வடகீழ்ப் பருவ மழையில் அது நிறுத்தப்பட்டதுண்டு. மார்கழியும் அம்மழைக் காலத்திற்றான் வருகிறது.

கோயிற் பரிபாலன சபையார்க்கும் மன்றத்தார்க்கும் சில சொல்ல வேண்டியிருக்கிறது. நாகசுரம் வாசிக்கும்போது ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டைப் போடாதீர்கள். முன்வரிசைக் கதிரைகளைப் பிரமுகர்க்கென்று வெள்ளைத் துணி போர்த்தி வெறுமனே வைத்திருப்பதை விடுத்து அறுபதைக் கடந்தோரை அங்கே இருத்துங்கள். 2012 ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கின்படியே இந்நாட்டில் நூற்றுக்குப் பன்னிருவர் அவ்வயதினர். முதியோர் உரிமைக்கென 2000 ஆம் ஆண்டில் ஒரு சட்டமும் ஆக்கப்பட்டிருக்கிறது. கதிரைக்குச் சட்டம் வேண்டுவதில்லை. வாழ்த்துரை, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை என ஒன்றரை மணி நேரம் கழித்து வித்துவானை மேடையேற்றினால், பாட்டுக் கேட்க வந்த முதியவர் பேச்சைக் கேட்டுவிட்டு எழுந்து போகிறார். தோட்ட இளைஞர் மன்றங்கள் ஆண்டுக்கொருமுறை ஒரு பஸ்வண்டியை வாடகைக்குப் பிடித்து, லயத்திலுள்ள முதியோரை இணையிணையாக மாசிமகத்துக்கு அழைத்துச் செல்லலாம். துணையை இழந்து தனித்திருப்போரை அதில் முதலில் ஏற்றுங்கள்.

மாலைக் கச்சேரியை நான்கு மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்கு முடியுங்கள். கண்டியிலிருந்து மாவனல்லைக்குத் திரும்ப அதற்குப் பின்னும் பஸ்வண்டி கிடைக்கும். பெருந்தெருவில் இறங்கித் தோட்டத்துக்கு ஏறும் மண்பாதைக்குத்தான் இராக்காலத்தில் வண்டி கிடைப்பதில்லை.